பருப்பு எங்கல போச்சு

ஜூலை 11, திங்கள்

இந்த நோட்டு ரெக்கார்டு எழுத வாங்குனது. மூணாவது வருஷம் ஆரம்பிச்சு முழுசா ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள அஞ்சு பேருக்கு ரெக்கார்டு எழுதிக் குடுத்துட்டேன். பெனிட்டா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எந்த மூதி கெளப்பிவிட்டுச்சோ, இந்தக் கோவில்பட்டி ஹாஸ்டல்ல லீவு லெட்டர்ல இருந்து லவ் லெட்டர் வரைக்கும் என் தலையிலதான் வந்து விடியுது. போதும். இந்த நோட்டு எனக்கே எனக்கு. என் கையெழுத்த நானும் கொஞ்சம் அனுபவிக்கேன்.

இன்னைக்கு பேண்டு பிராக்டிஸ். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால இருக்க தகரக் கொட்டகையில சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும்தான் எங்க ராஜ்யம். ஆறரைக்கு மேல லேடீஸ் ஹாஸ்டல் கேட்டப் பூட்டிருவாவ. ஆம்பளைகளுக்கு ஒம்பது மணி. கேட்டா பாதுகாப்புங்காவ. ஆறரைக்கு மேல பாம்பு கடிக்கும், ஆம்பளய மட்டும் கடிக்காதாக்கும்.

பேண்டுக்குப் பேரு தட்டுமுட்டு. விவின் பாட்டும் கிட்டாரும், மார்த்தாண்டத்துக்காரன். குரலு ஆண்டவன் குடுத்தது, திமிரு அவனா சம்பாதிச்சது. அசார் டிரம்ஸ், மேலப்பாளையம், பத்து வார்த்த பேசுனா அன்னைக்கு மழ வரும். நான் பேஸ் கிட்டார். எங்க ஊரு சாயர்புரத்துல சர்ச்சுப் பாட்டுக் குழுவுல வாசிக்க ஆள் இல்லாம, பத்தாங்கிளாஸ்ல என் கையில திணிச்சது, இன்னும் எறக்கி வைக்கல. நாலாவது ஆளு இசக்கிதுரை. அவனுக்கு ஒரு வாத்தியமும் வராது. பாட்டு எழுதுவான், எங்கள எல்லாம் நக்கலடிப்பான். வாத்தியம் வராதவன் பேண்டுல எதுக்குன்னு கேட்டா, எழுதத் தெரியாத மூணு பேரு இருக்கீங்களே அதுக்குத்தாங்கான்.

ஜூலை 20, புதன்

ஆத்தாடி, என்ன ஒரு நாளு!

மத்தியானம் மெஸ்ல சாம்பார். அதுக்குப் பேரு சாம்பாருன்னு அவங்க சொல்லுதாவ. மஞ்சப்பொடி கரைச்ச தண்ணி. வருசம் முழுக்க இதே கதைதான், சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? இன்னைக்கு ஆம்பளப் பக்கம் ஒரு பையனுக்குச் சாம்பார்ல பாத்திரம் தேய்க்க கம்பி நாரு வந்திருக்கு. கொண்டுபோய் வார்டன் சார்ட்ட காட்டுனா, 'எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடு, இரும்புச்சத்து'ன்னாராம். அந்தப் பையன் வாய் பேசுனதுக்கு அபராதம் வேற.

எங்க மெஸ்ல நடுவுல ஒரு பிளைவுட் தட்டி அடைச்சிருக்கும். அந்தப் பக்கம் ஆம்பளைங்க, இந்தப் பக்கம் நாங்க. மூஞ்சி தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். திடீர்னு அந்தப் பக்கம் யாரோ தட்டக் கவுத்து வச்சு கரண்டியால தட்டுதான். டண் டண் டடக்கு டண். டண் டண் டடக்கு டண். தட்டுத விதத்துலயே இசக்கிதுரைன்னு தெரிஞ்சிட்டு. கூட கொஞ்சம் பேரு சேந்தாங்க. பொறவு சத்தம் தேய ஆரம்பிச்சிச்சு.

இந்தப் பக்கம் நூத்தம்பது பிள்ளைக, ஒண்ணு கூட அசையல. எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. என் தட்டக் கவுத்தேன். அவன் விடுத எடத்துல நான் தட்டுனேன். டண். டடக்கு டண். லேடீஸ் பக்கம் மொதல்ல தட்டுனது நாந்தான், பெருமையாவே எழுதுதேன். பொறவு எல்லாம் தட்டுச்சுக. அவங்க கேக்காங்க, நாங்க பதில் சொல்லுதோம், நடுவுல பிளைவுட்டு அதிருது. முந்நூறு தட்டு! வார்டன் சார் விசிலடிச்சாரு, அது யாருக்குக் கேக்கு?

இந்த ரெண்டு வருசத்துல நாங்க வாசிச்ச எதுவும் இதுல கால்வாசி இல்ல.

ஜூலை 21, வியாழன்

இசக்கிதுரைய வெட்டிப் போடலாம்னு வருது. கொட்டகையில பைய வச்சிட்டு தண்ணி குடிக்கப் போன நேரத்துல, என் நோட்ட எடுத்து அடுத்த பக்கம் முழுக்க கிறுக்கி வச்சிருக்கான். கேட்டா, 'பேப்பர் கிடைக்கலட்டி, பாட்டு ஓடிப்போயிரும்லா'ங்கான். ஓடட்டும். தேதியும் போட்டு, கீழ பெரிய கவிஞன் கணக்கா கையெழுத்தும் போட்டிருக்கான். அடுத்தவ டைரில கை வைக்கலாமால? முன்பக்கத்த வாசிச்சியான்னு கேட்டேன். 'மொத வரிதான் வாசிச்சேன், முத்து முத்தா இருந்துச்சு'ன்னான். சவத்துப்பய.

அவன் கிறுக்குனது இதுதான்:

வாளி நெறைய தண்ணி கெடக்கு,
பருப்பு எங்கல போச்சு?
எங்கன்னு கேட்ட வாயக் கழுவி
அபராதம் எழுதியாச்சு.
கரண்டி புடிச்ச கை சொல்லாது,
கல்லாப்பெட்டி சொல்லும்;
தட்டத் திருப்பித் தட்டுங்க மக்கா,
வயிறு பேசட்டும் கொஞ்சம்.

பாட்டு நல்லாத்தான் இருக்கு, சாயங்காலமே மெட்டுப் போட்டு வாசிச்சும் பாத்தாச்சு. அதுக்காக?

ஆகஸ்ட் 2, செவ்வாய்

மூணு லெட்டர் எழுதிக் குடுத்தாச்சு. கை வலிக்குது. சாயங்காலம் உப்புமா.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இசக்கிதுரைக்கு ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன். ஹாஸ்டல்ல இருந்து மொத்தமா வெளிய. நியாயமா இது? கேக்க நாதி இருக்கா? கம்பி நார சாம்பார்ல போட்டவனுக்கு ஒரு நோட்டீஸ் கூட இல்ல, தட்டுனவனுக்குத் தண்டன. இந்தக் காலேஜு வெளங்குமா?

அவன் அப்பா வந்திருந்தாரு. நான் லேப் ஜன்னல்ல இருந்து பாத்தேன், பாக்கணும்னு நிக்கல, ஜன்னலு அங்கதான் இருக்கு. வாழத்தாரு லோடு ஏத்துத மனுசன். வெள்ள வேட்டி கட்டி, ஒரு மஞ்சப்பைய நெஞ்சோட புடிச்சிக்கிட்டு ஆபீஸ் வராண்டாவுல ஒண்ணேகால் மணி நேரம் நின்னாரு. ஒரு நாற்காலி போட ஆள் இல்ல.

எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கு நாங்க என்ன செய்ய? பிரின்ஸிபால் முடிவு பண்ணுனது.

செப்டம்பர் 17, சனி

மதுரையில ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ். பன்னெண்டு பேண்டு. முக்காவாசிப் பேரு இங்கிலீஷ்ல கத்துதானுவ, என்ன கத்துதோம்னு அவனுகளுக்கே தெரியாது. கடைசி நிமிசத்துல விவின், 'பருப்பு பாடுவோம் மக்கா'ன்னான். அசார் என்னப் பாத்தான். நான் டியூன் பண்ணிட்டு இருந்தேன்.

அசார் பையில எட்டு எவர்சில்வர் தட்டு கொண்டாந்திருந்தான். அப்பம் முன்னாலயே பேசி வச்சிருக்கானுவ, எங்கிட்ட மட்டும் சொல்லல. அதுக்கே ஒரு சண்ட போடணும்னு நெனச்சேன். மேடையில ஏறுன பொறவு எல்லாம் மறந்துட்டு. ரெண்டாவது தடவ 'பருப்பு எங்கல போச்சு'ன்னு விவின் கேக்கும்போது கூட்டம் நாற்காலியத் தட்டுது, கைப்பிடிச் சுவரத் தட்டுது, ஒருத்தன் டிபன் பாக்ஸையே தட்டுதான். என் விரலு நரம்புமேல நடக்கிறதே எனக்குத் தெரியல.

மொதப் பரிசு. நடுவரு, 'இது யாரு எழுதுனது'ன்னு மைக்ல கேட்டாரு. 'நாங்கதான் சார்'ன்னான் விவின். நாங்கன்னா நாங்கதான, அதுல என்ன இருக்கு.

செப்டம்பர் 25, ஞாயிறு

யாரோ எடுத்த வீடியோவ நாலு லட்சம் பேரு பாத்திருக்காங்க. கோயில்ல ஆராதன முடிஞ்சதும் பாஸ்டரம்மாவே வந்து, 'பருப்புப் பிள்ள வந்திருக்கு'ங்காவ. அம்மாவுக்குப் பெரும தாங்கல. அப்பா மட்டும், 'அந்தப் பையன் பேரு என்ன, ஒருக்க வீட்டுக்கு வந்தானே, கறுப்பா, வாயாடி, அவன எங்க வீடியோல காணும்?'னு கேட்டாரு. அவன் ஊருக்குப் போயிட்டாம்ப்பான்னேன்.

இசக்கிதுரை மெசேஜ் போட்டிருக்கான். 'நல்லா இருந்துச்சு. அபராதம்ங்கற எடத்துல விவின் மூச்சு விடுதான், அங்க விடக்கூடாது. செமஸ்டர் பீஸ் கட்டலைன்னு என் பேர எடுத்துட்டாவ. பரவாயில்ல, வேல பாத்துட்டு இருக்கேன். நீ எப்பிடிட்டி இருக்க?'

டேட்டா தீந்துட்டு, பொறவு பதில் போடணும்.

நவம்பர் 14, திங்கள்

சென்னையில இருந்து மியூசிக் கம்பெனி ஆளு வந்தாரு. ரகுநந்தன். ஏ.சி. கார்ல வந்து கொட்டகையில உக்காந்து வேர்த்து ஊத்துனாரு, அது ஒண்ணுதான் எனக்குச் சந்தோசம்.

பாட்டு அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்காம். ரொம்பப் புடிச்சதுனால மாத்தணுமாம். 'சாம்பார்னா ஒரு ரீச் இல்லம்மா. லவ்வுன்னா எல்லாரும் கேப்பாங்க'ங்காரு. ஆக, 'வாளி நெறைய தண்ணி கெடக்கு' இனிமே 'வானம் நெறைய மேகம் கெடக்கு'. 'பருப்பு எங்கல போச்சு' இனிமே 'இதயம் எங்கடி போச்சு'. அபராதம் வார வரி கிடையாது. கல்லாப்பெட்டி கிடையவே கிடையாது. தட்டுச் சத்தம் காதக் கிழிக்குதாம், கம்ப்யூட்டர்ல வேற சத்தம் போட்டுக்கிடுவாங்களாம். பொறவு என்ன இழவுக்குய்யா இந்தப் பாட்டு? புதுசா ஒண்ண நீங்களே பண்ணிக்கிட வேண்டியதான? வாயத் தொறந்து இதக் கேட்டேன். அவரு சிரிச்சாரு. 'இந்த கோபம் கேமராவுல நல்லா இருக்கும்'ன்னாரு. எனக்கு அவரு சட்டையப் புடிக்கணும்போல வந்திச்சு.

ஒப்பந்தக் காயிதத்துல 'பாடல்: விவின்'னு அடிச்சிருந்தாவ. அவரு போன பொறவு புடிச்சிக்கிட்டேன். 'ஏல, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கியே, வெக்கமா இல்லையா? இசக்கி பேரு எங்க?'

விவின் அமைதியாத்தான் பேசுனான். 'இசக்கி பேரப் போட்டா அவன் யாருன்னு கேப்பான் மக்கா. யாருன்னு கேட்டா சஸ்பென்ஷன் வரும். சஸ்பென்ஷன் வந்தா நம்ம லெட்டர் வரும். போடட்டா?'

அசார் ஸ்டிக்கத் தொடச்சிக்கிட்டே இருந்தான்.

ஆறரை ஆயிட்டு. கேட்டப் பூட்டிருவாவன்னு வந்துட்டேன்.

ஜனவரி 18, புதன்

பாட்டு வெளிய வந்திட்டு. ரெண்டு நாள்ல அறுபது லட்சம். போஸ்டர்ல என்ன நடுவுல நிக்க வச்சிருக்கானுவ, கிட்டார் இல்லாம, முடிய விரிச்சுப் போட்டு. பேர 'பெனீட்டா'ன்னு அடிச்சிருக்காங்க. அந்தப் பாட்டுல என் பேஸ் ஒரு எடத்துல கூடக் கேக்கல. ஒரு எடத்துல கூட!

பிப்ரவரி 11, சனி

மதுரைக்கு நிகழ்ச்சிக்குப் போனோம். கம்பெனி வேன். உள்ள எங்க பாட்டயே போட்டுக்கிட்டு வாரானுவ. கோவில்பட்டி தாண்டி டோல்கேட்ல வேன் நின்னுட்டு, கண்ணாடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர மெஷின் வாசிக்கல. பின்னால வரிசையா ஆரன். பச்சையா மின்னுத கோட்டு போட்ட ஒருத்தன் கையில சின்ன மெஷின வச்சிக்கிட்டு எங்க வேனப் பாத்து வாரான்.

இசக்கிதுரை. இளச்சிருந்தான்.

விவின் தொப்பிய மூஞ்சில இழுத்து விட்டுத் தூங்க ஆரம்பிச்சிட்டான், அரை நிமிசத்துக்கு முன்னால பாடிக்கிட்டு இருந்தவன். எப்பிடிப்பட்ட நெஞ்சழுத்தம் பாத்தியா? கூடப் படிச்சவன், ஒரே தட்டுல தின்னவன், ஒரு வார்த்த பேசுனா வாயில முத்தா உதுந்துரும்? எனக்கு அப்பிடி ஒரு எரிச்சல். எனக்கு ஹேர்பின்னு கால் கீழ விழுந்துட்டு, குனிஞ்சு தேடிக்கிட்டு இருந்தேன். ஸ்டிக்கர் வாசிச்சிட்டு, வேன் எடுத்துட்டான். ஹேர்பின் கெடைக்கல.

'இதயம் எங்கடி போச்சு' அந்நேரம் சத்தமா ஓடிக்கிட்டு இருந்திச்சு. டிரைவரு கண்ணாடிய எறக்கி வச்சிருந்தாரு.

மார்ச் 3, வெள்ளி

டிவி பேட்டி. தொகுப்பாளினி எங்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: 'பசங்க நடுவுல ஒரே பொண்ணு, எப்படி ஃபீல் பண்றீங்க?' பசங்க நடுவுல ஒரே பேஸுன்னு நெனச்சிருந்தேன்னு சொன்னேன். எடிட் பண்ணித் தூக்கிட்டாவ.

விவின்ட்ட பாட்டு எப்பிடிப் பொறந்துச்சுன்னு கேட்டா. 'ஒரு மழ நாளு, மெஸ் ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தேன், மழத் தண்ணி தட்டுல சொட்டுச்சு, மனசுக்குள்ள ஒரு தாளம்...'ங்கான். ஜூலை மாசம் கோவில்பட்டில என்ன மழ, லேய்? எங்க மெஸ்ல ஜன்னலே கிடையாது!

ஏப்ரல் 2, ஞாயிறு

இன்னைக்கு அம்மா போன் பண்ணி, 'உங்க பாட்டு விளம்பரத்துல வருது, டிவியப் போடு'ங்கா. ஹாஸ்டல் டிவியப் போட்டேன். சாம்பார் பொடி. ஒரு நடிகை பட்டுச்சேல கட்டி வாளிய எட்டிப் பாக்கா. பின்னால விவின் குரலு: 'பருப்பு எங்கல போச்சு?' அவ பாக்கெட்டக் காட்டி, 'இங்கதானே இருக்கு!'ங்கா. குடும்பமே சிரிக்குது.

பதினஞ்சு பிள்ளைக டிவி முன்னால. எல்லாம் போன வருசம் எங்கூடச் சேந்து தட்டுன பிள்ளைக. ஒருத்தி கூட என்னப் பாக்கல. வயித்தெரிச்சல் தாங்காம எழும்பி வந்துட்டேன். அபராதம் கட்டுனவனுக்காக எழுதுன பாட்டு, பொடி விக்குது. விவின்ட்ட கேட்டா, கம்பெனி முடிவு, எனக்கே தெரியாதுங்கான். எவனக் கேட்டாலும் வேற எவனோ முடிவு பண்ணுனதாத்தான் இருக்கு.

ஏப்ரல் 14, வெள்ளி

உக்காந்து எழுதணும். எழுத்து கோணலா வருது, வரட்டும்.

விளம்பர வீடியோவுக்குக் கீழ எங்க ஜூனியர் ஒருத்தன் எழுதியிருக்கான்: 'இது இசக்கிதுரை அண்ணன் எழுதுன பாட்டு. மெஸ்ல தட்டுனதுக்கு அவரத்தான் தொரத்துனாங்க.' அதுக்குக் கீழ ரெண்டாயிரம் பேரு. கம்பெனி வக்கீல் பயந்துட்டாராம். அடுத்து ஒரு சினிமாவுக்கு மூணு பாட்டு பேசியிருக்கு, பேண்டுக்கே பெரிய வாசல். விவின் எழுதுனதுக்கு அத்தாட்சி இருந்தாத்தான் கையெழுத்தாம். மொதமொத எழுதுன பேப்பரு, தேதியோட.

விவின் கேன்டீன்ல எதுக்க வந்து உக்காந்தான். அசாரும் இருந்தான்.

'பெனி, உன் நோட்டுலதான இசக்கி எழுதுனது? அந்தப் பக்கத்தக் கிழிச்சிரு மக்கா. வேற ஒரு வெறும் பக்கத்துல நீயே அந்தப் பாட்ட எழுது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதுன மாதிரி. ஜூலை இருவதுன்னு தேதி போடு, கீழ என் பேரு. உன் கையெழுத்த யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அவ்வளவு அழகு.'

'மாட்டேன்'ன்னேன்.

'ஏன்? மூணு லெட்டர் எழுதுன கைதான?'

அதான். அந்த மூணு லெட்டரு. ஆகஸ்ட் ரெண்டாந்தேதி ஒத்த வரி எழுதிட்டு உப்புமான்னு முடிச்சேனே, அந்த நாள்.

அன்னைக்கு மெஸ்ல தட்டுன விசயத்துக்கு, பேண்டு ஆளுகன்னு எங்க மூணு பேரையும் ஆபீஸ்ல உக்கார வச்சாவ. மன்னிப்புக் கடிதம் குடுத்தா வீட்டுக்குச் சொல்ல மாட்டோம், இல்லன்னா அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னாரு ஹெட் கிளார்க்கு. அப்பா வந்தா அன்னைக்கோட என் பேஸ் கிட்டாரு பரணுக்குப் போயிரும், எனக்குத் தெரியும். கடிதத்துக்கு மாதிரி அவரே குடுத்தாரு: 'மாணவர் ______ அவர்களின் தூண்டுதலின் பேரில், விளைவு அறியாமல் நான் இச்செயலில் ஈடுபட்டேன்.' நடுவுல கோடு. யாரு பேருன்னு அவரு சொல்லல. 'ஒரு பேரு இல்லாம ஃபைல மூட முடியாதுப்பா'ன்னு மட்டும் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

'இசக்கிதான மொதல்ல தட்டுனது'ன்னான் விவின். 'பெனி, நீயே மூணையும் எழுதிரு, உன் எழுத்தப் பாத்தா பிரின்ஸிபால் கோவம் கொறையும்'ன்னான். அசார் தரையப் பாத்தான். நான் எழுதுனேன். மூணு கோட்டுலயும் இசக்கிதுரை, இசக்கிதுரை, இசக்கிதுரை. இந்தப் பக்கம் மொதல்ல தட்டுனவ எவன்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. கேக்காததுனால நானும் சொல்லல. அவங்க ரெண்டு பேரும் கீழ கையெழுத்து மட்டும் போட்டாங்க.

பிரின்ஸிபாலத் திட்டுனேன், வார்டனத் திட்டுனேன், ரகுநந்தன, விவின, டிவிக்காரிய, பொடி விக்கிறவள எல்லாரையும் இந்த நோட்டுல கிழி கிழின்னு கிழிச்சேன். ஒன்பது மாசம். வெக்கங்கெட்டவ. ஹேர்பின்னே அன்னைக்கு நான் போடல.

இன்னொரு விசயம். இசக்கி பாட்டு எழுதுன தாளுக்குப் பின்பக்கம்தான் ஆகஸ்ட் ரெண்டு இருக்கு. முன்னால அவன் கையெழுத்து, பின்னால என்னுது. கிழிச்சா ரெண்டும் சேந்துதான் வரும். காட்டுனாலும் ரெண்டையும் சேத்துத்தான் காட்டணும்.

ஏப்ரல் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகல. டோல்கேட்டுக்குப் போனேன். டவுன் பஸ் அங்கனயே நிக்கும்.

ரெண்டு மணிக்குத்தான் அவனுக்குச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்து நெழல்ல ஒரு டீக்கட, பெஞ்சு. பச்சக் கோட்டக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான்.

'என்னட்டி, கம்பெனி வேன் எங்க?'

'பஸ்லதான் வந்தேன்.'

'அன்னைக்கு சீட்டுக்கு அடியில என்னத்தயோ தேடுனியே, கெடச்சிச்சா?'

சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டான். என்னால நிமிர முடியல. நோட்ட எடுத்து அந்தப் பக்கத்த விரிச்சு நீட்டுனேன். அவன் பாட்ட அவனே வாசிச்சான், வாய் அசையுது, விரலு பெஞ்சுல தட்டுது. 'அப்பவே நல்லாத்தான் எழுதியிருக்கேன்'ன்னான். பொறவு தாளத் திருப்புனான். ஒத்த வரிதான் இருக்கு அதுல. ஆனா ரொம்ப நேரம் வாசிச்சான்.

'அப்பாவ ஆபீஸ்ல உள்ள கூப்பிட்டு மூணு லெட்டரயும் நீட்டுனாவட்டி. அவருக்கு வாசிக்க வராது. அதச் சொல்ல வெக்கம். எங்கிட்டத் தள்ளிவிட்டாரு. நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன். மூணையும்.'

நான் நோட்ட மூடப் பாத்தேன், அவன் விடல.

'ரெண்டாவத எடுக்கும்போதே யாரு எழுத்துன்னு தெரிஞ்சிட்டு. அப்பா அந்தப் பேப்பரத் தடவிப் பாத்துட்டு, எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கே, யாருல எழுதுனதுன்னு கேட்டாரு. எங்கூடப் பேண்டுல இருக்க பிள்ளப்பான்னேன்.'

'இசக்கி, என்ன வஞ்சிருல. நல்லா வஞ்சிரு.'

'எதுக்கு? உனக்கும் கை வலிச்சிருக்குல்லா'ன்னான்.

அவன் கிண்டலாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். அவன் சாதாரணமாத்தான் சொன்னான். நான் டீக்கடை பெஞ்சுல உக்காந்து, லாரிக்காரன் எல்லாம் பாக்க, ஏங்கி ஏங்கி அழுதேன். அவன் ஒரு டீயச் சொல்லி என் முன்னால வச்சான்.

தாளக் கிழிச்சுத் தாரேன், நீயே வச்சிக்கன்னேன். போன எடுத்து முன்பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சான். 'இது என்னுது. பின்னால இருக்கது உன்னது. அத எங்க குடுக்கணும்னு நீதான் பாத்துக்கிடணும்.' மணி ரெண்டரை. கோட்ட மாட்டிக்கிட்டு ஓடிட்டான், அவன் லைன்ல எட்டு வண்டி நின்னுட்டு இருந்துச்சு.

ஏப்ரல் 18, செவ்வாய்

நாலாவது லெட்டர எழுதிட்டேன். ஒண்ணு கம்பெனி வக்கீலுக்கு, அதே மாதிரி இன்னொண்ணு பிரின்ஸிபாலுக்கு. பாட்டு இசக்கிதுரையோடது. மூணு கடிதமும் என் கையெழுத்து. பேர எழுதுனது நான். லேடீஸ் பக்கம் மொதல்ல தட்டுனதும் நான், என்ன யாரும் தூண்டல. தாளோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கூட வச்சிட்டேன். அப்பாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். 'அந்தப் பையனோட அப்பா வீடு எங்க இருக்கு'ன்னு மட்டும் கேட்டாரு. கிட்டாரப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல.

அசார் தேடி வந்தான். 'எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுட்டி. கையெழுத்துப் போடுதேன்.'

'உன் லெட்டர நீ எழுதுல.'

'என் எழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கும்.'

'கிண்டட்டும்.'

ஒர்க்‌ஷாப் படியில உக்காந்து முக்கா மணி நேரம் எழுதுனான். வரிக்கு மூணு அடித்தல். நான் கிட்டக் கூடப் போகல.

விவின் பதினோரு தடவ கூப்பிட்டான். பன்னெண்டாவது தடவ எடுத்தேன். 'ஏன் இப்பிடிச் செஞ்ச? சினிமா போச்சு, பேண்டு போச்சு, எல்லாம் போச்சே மக்கா.'

'நீ சொன்னதத்தான் செஞ்சேன். என் கையெழுத்துல எழுது, தேதி போடு, கீழ பேரப் போடுன்ன. எல்லாம் போட்டிருக்கேன்'ன்னேன்.

வச்சிட்டான்.

மத்தியானம் மெஸ்ல சாம்பார். ஒன்பது மாசம் ஆச்சு, ஊரே பாடியாச்சு, விளம்பரமும் வந்தாச்சு, வாளியில இன்னும் அதே மஞ்சத் தண்ணிதான். ஒரு பருப்பு கூட இல்ல. தட்டக் கவுத்தேன். பக்கத்துல இருந்த பிள்ள, 'வேண்டாங்க்கா, யாரு மொதல்ல தட்டுனதுன்னு கேட்டு எழுதி வாங்குவாங்க'ங்கா.

வாங்கட்டும். எழுதிக் குடுக்க என் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு.